அரிசி அளவு செம்பு

நிபுணரோட அறிக்கை பதினோரு பக்கம். நான் மூணாவது பக்கத்துலயே நிறுத்திட்டேன். மியூசியத்துல மத்தவங்களுக்கெல்லாம் அது புரியாத பாஷை. எனக்கு மட்டும் தெரிஞ்ச கதை. எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காந்தேன்.

விஷயம் இதுதான். எங்க மியூசியத்துல ஒரு செப்புக் கோடரி இருக்கு. உள்ளங்கை அகலம், நாலாயிரம் வருஷப் பழசு. அதை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பறதா முடிவாச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் சோதிச்சுச் சான்றிதழ் கொடுக்கணும். நிபுணர் வந்தார். சோதிச்சார். "உங்க பழைய அறிக்கையில இருக்கற கோடரி இது இல்லை, யாரோ மாத்தி வெச்ச போலி"ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். அப்ப அசல் எங்கே? கோடரி இருக்கற உலோக அறைச் சாவி ஒன்பது வருஷமா யார் கையில இருக்கு? என் தம்பி கையில.

கூடப் பிறந்த தம்பி. மியூசியத்துல எல்லாரும் அவனைப் 'பூட்டு'ன்னுதான் கூப்பிடுவாங்க. பூட்டினப்புறம் மூணு தடவை இழுத்துப் பாப்பான். பத்தடி நடந்து போயிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். கேலி பண்ணினா, "இழுத்தா தேஞ்சா போயிடும்?"னு கேப்பான். அவனைப் போய்த் திருடன்னாங்க. திங்கட்கிழமை காலையில சாவியை வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வியாழக்கிழமை விசாரணைக் குழு உக்காரும். அதுல சரியான விளக்கம் கிடைக்கலைன்னா போலீஸ்.

அவன் திருடலை. கோடரியை யாரும் மாத்தலை. அதைக் கெடுத்தது நான்.

இதை இப்பப் பட்டுன்னு சொல்லிட்டேன் பாருங்க, இதைச் சொல்ல எனக்குப் பன்னெண்டு வருஷமும் மூணு நாளும் ஆச்சு.

என் வேலை உலோகத்துக்குள்ள பாக்கறது. செம்புல ஒரு முகத்தை மழமழன்னு தேய்ச்சு, அமிலம் தொட்டுத் துடைச்சு, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சா உள்ளே மணிமணியா தெரியும். சுத்தியலால அடிச்ச செம்புல அந்த மணிகள் நசுங்கி, நீண்டு, கோடு கோடா கிடக்கும். அடி வாங்க வாங்க விளிம்பு கெட்டியாகும். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் உக்காந்து அந்த விளிம்பைத் தட்டித் தட்டிக் கூராக்கியிருக்கான். அவன் அடிச்ச அடி அத்தனையும் அதுக்குள்ள அப்படியே இருந்தது. ஆனா அதே செம்பை நானூறு டிகிரிச் சூட்டுல கொஞ்ச நேரம் வெச்சா, நசுங்கின மணியெல்லாம் மறைஞ்சு புது மணி வளர்ந்துடும். சுத்தமா, நேர் நேர் ஓரமா. விளிம்பும் மெத்துனு ஆயிடும். அடி வாங்கின சுவடே இருக்காது.

அப்ப நான் சேர்ந்து எட்டு மாசம். வேலை நிரந்தரம் ஆகலை. கோடரி மேல இருந்த பச்சைத் துருவை எடுத்து, நாள் கணக்கா தண்ணியில ஊற வெச்சு, கடைசியா நூறு டிகிரியில காய வைக்கணும். காய வைக்கற பெட்டி ரிப்பேர். பக்கத்துல உலை இருந்தது. ஆயிரம் டிகிரி வரைக்கும் போகக்கூடியது, வேணும்னா குறைச்சும் வெச்சுக்கலாம். நூறுன்னு வெச்சு உள்ளே தள்ளிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். முந்தின நாள் யாரோ வேற வேலைக்குப் போட்டு வெச்ச கட்டளை அந்த உலைக்குள்ள அப்படியே இருந்திருக்கு. நூறைத் தொட்டதும் அது பாட்டுக்கு மேல ஏறிடுச்சு. நான் திரும்பி வந்தப்ப நானூத்தி அம்பதுன்னு காட்டுது, கோடரி கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கு.

அழுதேன். அழுதுட்டு, கறுப்பை மெல்லிசான அமிலத்துல எடுத்தேன், மெழுகு பூசினேன். பாக்கறதுக்குப் பழைய கோடரிதான். நோட்டுல "காய வைக்கப்பட்டது"ன்னு ஒத்தை வரி எழுதினேன். எத்தனை டிகிரின்னு எழுதலை. அப்ப இருந்த எங்க பிரிவுத் தலைவர் அதுக்கு முன்னாடியே விளிம்புலேர்ந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துத் தன் அறிக்கையை முடிச்சிருந்தார். அதனால அவரும் திரும்பிப் பாக்கலை. ரெண்டு வருஷத்துல காலமாயிட்டார்.

அதோட விட்டேனா? தம்பி பொறுப்பெடுத்தப்ப, ஒவ்வொரு சாமானையும் சோதிச்சுத்தான் வாங்குவேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். "அட போடா, எல்லாம் நான் பாத்ததுதான், கையெழுத்தைப் போடு"ன்னு நான்தான் சொன்னேன். அக்கா சொன்னா சரின்னு போட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் பண்ணினான். "அக்கா, படிச்சியா? அந்த மனுஷன் என்னதான் எழுதியிருக்காரு?"

"விளிம்பு மெத்துனு இருக்காம். உள்ளே அடிச்ச அடையாளம் இல்லையாம். எடையும் பழைய எடையை விடக் கொஞ்சம் குறைவாம்."

"செம்போட கலவை? அது ஒத்துப்போகுதா?"

"ஒத்துப்போகுது. பழைய செப்புத் துண்டுங்களை உருக்கிச் செஞ்சா கலவை ஒத்துத்தானே போகும்னு எழுதியிருக்கார்."

"நாக்குல நரம்பில்லாதவன் என்ன வேணா சொல்லுவான். நீ பாத்துச் சொல்லுக்கா. நீ இருக்கறப்ப எனக்கு என்ன பயம்?" போனை வெச்சுட்டான்.

உடனே டைரக்டர்கிட்ட ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கிட்டேன். வேலை போயிடும். போறது மட்டுமா, தேசத்தோட சொத்தை நாசம் பண்ணி மறைச்சவள்னு பேர் வரும். இந்த ஒரு வேலையைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. பயந்துட்டேன், அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்ற மாதிரி, பழி அவன் தலையில விழுந்தப்பவும் பாவத்தை நான் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

ஆனா ஒரு வழி தெரிஞ்சது. தலைவர் வெட்டி எடுத்த துண்டு என் அலமாரியில இருந்தது. அரிசி அளவுதான் இருக்கும், பிசின் வில்லைக்குள்ள பதிச்சு வெச்சது. அது உலைக்குள்ள போகாத செம்பு. செம்புக்குள்ள கலந்திருக்கற அழுக்கு, அடிக்கறப்ப நீண்டு சாம்பல் நிறக் கீத்து கீத்தா போகும். மணி மாறினாலும் நானூறு டிகிரிக்கெல்லாம் அந்தக் கீத்து இடம் மாறாது. துண்டு வெட்டின இடத்துல கோடரிப் பக்கத்து முகத்தை நிபுணரே தேய்ச்சுப் படம் எடுத்து ஏழாம் பக்கத்துல போட்டிருந்தார். துண்டோட அந்தப் பக்கத்து முகத்தை நான் தேய்ச்சுப் படம் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ரெண்டாக் கிழிச்ச காகிதம் மாதிரி பொருந்தணும். பொருந்திடுச்சுன்னா கோடரி அதேதான். தம்பி தப்பிச்சான்.

விளிம்பு ஏன் மெத்துனு ஆச்சுன்னு கேட்டா? தெரியலைங்கன்னு சொல்லிக்கலாம். அவனையும் காப்பாத்தணும், நானும் மாட்டிக்கக் கூடாது. வெக்கமில்லாம அப்படித்தான் யோசிச்சேன்.

இந்த விஷயத்துல நீங்க தலையிடக் கூடாதுன்னு டைரக்டர் சொல்லியிருந்தார். கோடரிக்குச் சீல் வெச்சாச்சு. துண்டைப் பத்தி மியூசியத்துல யாருக்கும் ஞாபகம் இல்லை. செவ்வாய்க்கிழமை வில்லையை உடைச்சு, துண்டை எடுத்து, பக்கவாட்டுல திருப்பி நிக்க வெச்சு, புதுப் பிசின் ஊத்தினேன். மறுநாள் காலையில கெட்டியாகியிருந்தது. தேய்க்க உக்காந்தேன்.

தேய்க்கறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல கரடான உப்புக் காகிதம், அப்புறம் அதை விட நைசு, அப்புறம் இன்னும் நைசு. ஒவ்வொரு காகிதத்துக்கும் வில்லையைக் கால் வட்டம் திருப்பணும். முந்தின காகிதம் போட்ட கீறல் எல்லாம் போன பிறகுதான் அடுத்ததுக்குப் போகணும். கடைசியில துணிச் சக்கரம். அதுக்கப்புறமும் ஒரு கீறல் தெரிஞ்சா ஒரு படி பின்னால போய் மறுபடியும் தேய்க்கணும். இதைப் பதினஞ்சு பேருக்காவது நான் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

பத்தரை மணிக்கு முதல் தடவை மைக்ராஸ்கோப்புல வெச்சேன். ஏழாம் பக்கத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சிருந்தேன். அதுல மூணு கீத்து ஒண்ணா வந்து, ஒண்ணு மட்டும் பிரிஞ்சு கவட்டை மாதிரி போகும். என் துண்டுலயும் மூணு கீத்து. ஒண்ணு பிரிஞ்சு போகுது. அதே இடம், அதே சாய்வு. பொருந்துச்சுங்க! என் ரெண்டு கண்ணால பாத்தேன். நாற்காலியிலேர்ந்து எழுந்து கையைத் தட்டினேன், அந்த அறையில தனியா.

ஆனா நடுவுல ஒரு கீறல். சரியா கவட்டை பிரியற இடத்துல. படம் எடுத்திருக்கலாம். கீறலோட எடுத்திருந்தா என்ன, குடியா முழுகிப்போயிருக்கும்? ஆனா குழுவுல அந்த நிபுணர் உக்காந்திருப்பார். "இதுல எது கீத்து, எது உங்க கீறல்?"னு கேப்பார். நானா இருந்தா நான் கேப்பேன். எத்தனை பேர் கொண்டு வந்த படத்தை, கீறல் இருக்குன்னு தூக்கிப் போட்டிருக்கேன்! சுத்தமா எடுப்போம்னு ஒரு படி பின்னால போனேன்.

கீறல் போச்சு, வேற கீறல் வந்தது. சக்கரத்துல ஏதோ மண் துகள். துணியை மாத்தினேன். மறுபடியும் ஒரு படி பின்னால. அவசரத்துல ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாயி முகம் சாஞ்சு போச்சு. சாய்வை நேராக்க ரெண்டு படி பின்னால. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிச்சது கூடக் காதுல விழலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தேய்ச்சேன். எதைத் தேய்க்கறோம்னு மறந்து போச்சு, கீறல் மட்டும்தான் கண்ணுல நின்னது.

மூணு மணிக்கு எடுத்துப் பாத்தேன். கீறலே இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. லென்ஸை மாத்தினேன். வில்லையை அந்தப் பக்கம் நகர்த்தினேன், இந்தப் பக்கம் நகர்த்தினேன். வெறும் பிசின். ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் வெறும் பிசின்.

அரிசி அளவு செம்பு. எவ்வளவு தாங்கும்? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சேன். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் அடிச்ச அடியில மிச்சமிருந்தது அவ்வளவுதான். அதை நான் தண்ணியோட சேத்துச் சாக்கடைக்கு அனுப்பிட்டேன். தேய்ச்ச காகிதத்தை எல்லாம் எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். அங்கங்க சிவப்பா ஒரு மினுக்கு. தரையில மண்டி போட்டுச் சாக்கடை மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினேன். என்ன கிடைக்கும்? பைத்தியக்காரி. அங்கயே உக்காந்து வாய் விட்டு அழுதேன்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். சொல்லிடணும்னுதான் போனேன். கதவைத் திறந்தது அவன் பொண்டாட்டி. மூணு நாளா தூங்காத முகம்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நேத்து வரைக்கும் சர்க்கரை கேட்டு வந்தவங்க." காப்பி போட்டுக் கொண்டு வந்து வெச்சா. "நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. இவரை எப்படியாவது வெளியில கொண்டு வந்துடுவீங்கன்னு இவர் ஜபம் பண்ணிக்கிட்டு இருக்காரு. நான் என்ன சொல்றது?"

தம்பி உள்ளேயிருந்து வந்தான். சட்டையைத் தேய்ச்சுப் போட்டிருந்தான், எங்கேயும் போகாதப்பவும். "அக்கா, ஒரே ஒரு கேள்வி. நம்ம கோடரிதானே அது?"

"நம்ம கோடரிதான்டா. நான் பாத்துட்டேன்."

"அப்பாடா! அது போதும்." பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "சொன்னேன் இல்ல? நாளைக்கு அக்கா வந்து நாலு வார்த்தை சொன்னா அந்த நிபுணரு வாயைப் பொத்திக்கிட்டு ஊரைப் பாக்கப் போவாரு."

அந்தக் காப்பியைக் குடிச்சேன். குடிச்சுட்டு, காலையில பாக்கலாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணி. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் டைரக்டர், நிபுணர், சட்ட அதிகாரி ஒரு அம்மா. யாரும் கூப்பிடாமயே உள்ளே போனேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன முழம் என்ன. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். உலை, நானூத்தி அம்பது, கறுப்பு, அமிலம், மெழுகு. எடை குறைஞ்சது என் அமிலத்தாலன்னு சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன். சொல்லி முடிச்சதும் பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா மூச்சு முழுசா வந்த மாதிரி இருந்தது.

டைரக்டர் நோட்டைப் புரட்டினார். "காய வைக்கப்பட்டதுன்னுதான் இருக்கு."

"ஆமா சார். சூட்டை எழுதாம விட்டேன்."

"அந்த உலை எங்கே?"

"ஆறு வருஷம் முன்னாடி பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னை வெளியில அனுப்பியிருப்பாங்க."

நிபுணர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழட்டிட்டு மெதுவாத்தான் கேட்டார். "நீங்க சொல்றது நடக்கக்கூடியதுதாங்க. அதுல சந்தேகமே இல்லை. சூடு படாத பழைய துண்டு ஒண்ணு இருக்கணுமே? பழைய அறிக்கையில வெட்டினதா இருக்கு. அதோட கீத்தையும் நான் எடுத்த படத்தையும் ஒத்துப் பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். அதைத்தான் நானும் இன்னைக்குக் கேக்கணும்னு இருந்தேன்."

வில்லையை மேஜை மேல வெச்சேன். எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பாத்தார். திருப்பிப் பாத்தார்.

"இதுல செம்பே இல்லையே?"

"தேஞ்சு போச்சு. நான்தான் தேய்ச்சேன். பொருந்துச்சுங்க, நான் பாத்தேன். மூணு கீத்து, ஒண்ணு பிரிஞ்சு போகுது. படம் எடுக்கறதுக்குள்ள..."

"எப்பத் தேய்ச்சீங்க?"

"நேத்து."

நிபுணர் வில்லையை மெதுவாக் கீழ வெச்சார். "இந்தத் தொழில்ல எனக்கும் ஒரு தடவை இப்படி ஆகியிருக்குங்க. ஆனா விசாரணைக்கு முந்தின நாள் ஆனதில்லை."

சட்ட அதிகாரி அம்மா எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்தாங்க. "தலையிடக் கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு இருந்தது. கோடரி அசலா போலியான்னு சொல்லக்கூடிய ஒரே ஆதாரம் உங்க அலமாரியில இருந்தது. அதை நேத்து இல்லாம பண்ணிட்டு, இன்னைக்கு வந்து நான்தான் சூடு வெச்சேன்னு சொல்றீங்க. கூடப் பிறந்தவனுக்காக. நான் இதை என்னன்னு எழுதட்டும்?"

"நடந்ததை எழுதுங்கம்மா."

"நடந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

என்கிட்ட ஒண்ணும் இல்லை. கத்தினேன். "நான் பொய் சொல்றேன்னா கோடரியை அறுத்துப் பாருங்க, எங்க வேணா அனுப்புங்க"ன்னு கத்தினேன். அனுப்பினாலும் சூடு பட்ட செம்புன்னுதான் வரும், யார் வெச்ச சூடுன்னு வராது. அது அந்த அறையில எனக்கும் நிபுணருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். டைரக்டர் போனை எடுத்து ரெண்டு வார்த்தை பேசினார். என் அறைச் சாவியையும் மேஜை மேல வெச்சுட்டுப் போகச் சொன்னார்.

வெளியில பெஞ்சுல தம்பியும் அவன் பொண்டாட்டியும். கதவு சரியா சாத்தலை, உள்ளே பேசினது அத்தனையும் கேட்டிருக்கு. என்னைப் பாத்ததும் எழுந்தான். அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சா தேவலைன்னு இருந்தது. என் ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டான். கண்ணெல்லாம் தண்ணி.

"ஏங்கா? எனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லி உன் வேலையையும் போக்கிக்கிட்டியே?"

"பொய் இல்லடா. நான்தான்டா வெச்சேன். உலையில வெச்சது நான்தான்."

"சரி சரி. அங்க சொன்னதை என்கிட்டயும் சொல்லணுமா?" மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சான். "உன் வாயில ஒரு ரகசியம் பன்னெண்டு வருஷம் தங்குமா? எனக்குப் பொண்ணு பாத்ததை ஒரு ராத்திரி மறைக்க முடியலை உன்னால."

"டேய், நம்புடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், நம்புடா."

"என்னக்கா நீ, சின்னக் குழந்தை மாதிரி." என் தலையைத் தடவிக் கொடுத்தான். என்னை விட ஏழு வயசு சின்னவன்.

போலீஸ்காரங்க ரெண்டு பேர் மரியாதையாத்தான் வந்தாங்க. கையில எதுவும் மாட்டலை. நடுவுல நடந்து போனவன், படியிறங்கறதுக்கு முன்னாடி திரும்பிப் பொண்டாட்டிகிட்டச் சொன்னான். "அக்காவைத் தனியா விடாதே. நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. நமக்காகத் தன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு நிக்கறா."

வண்டி போற சத்தம் கேட்டது. அவ அழலை. என் பக்கம் திரும்பினா.

"திங்கட்கிழமையே தெரியுமா அண்ணி உங்களுக்கு?"

"தெரியும்."

"நேத்து எங்க வீட்டுல உக்காந்திருந்தப்பவும் தெரியும்?"

"தெரியும்."

தலையை ஆட்டிக்கிட்டா. என்னை நம்பினது அவ ஒருத்திதான். பெஞ்சு மேல இருந்த பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, என்னைக் கூப்பிடாமப் படியிறங்கிப் போயிட்டா.